எழுதியவரே உரியவர்: ஊர்த்தளத்துக்கு அனுமதி வாங்கும் முறை

உங்கள் ஊர்த்தளத்தின் அடியில் "அனைத்து உரிமைகளும் எங்கள் குழுவுக்கே" என்று ஒரு வரி இருந்தால், இந்த அத்தியாயத்தைப் படிக்குமுன்பே அதை எடுத்துவிடலாம். அது பெரும்பாலும் உண்மையாக இருக்காது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் மதகைப் படம் எடுத்தவர் ஒருவர். வல்லக்கோட்டை முருகன் கோயிலைப் பற்றி எழுதியவர் இன்னொருவர். ஒரகடம் கூட்டுச்சாலையில் எந்த ஷிப்டுக்கு எந்தப் பேருந்தைப் பிடிக்கலாம் என்று குறிப்பு எழுதியவர், படப்பையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெளிமாவட்டப் பையன். மூவரும் ஆசையாகக் கொடுத்தார்கள், நீங்களும் நன்றி சொல்லித் தளத்தில் ஏற்றினீர்கள். கொடுத்தது படத்தையும் எழுத்தையும்தான். அவற்றின் மேலுள்ள பதிப்புரிமையை அவர்கள் கொடுக்கவும் இல்லை, நீங்கள் கேட்கவும் இல்லை.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, படைத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. பதிவு செய்யத் தேவையில்லை, எந்தக் குறியும் போடத் தேவையில்லை. எழுதி முடித்ததும் உரிமை பிறந்துவிடும். எழுதியவரின் ஆயுள் முழுதும், அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். இன்று 25 வயதுப் பையன் எழுதித் தரும் ஏரிக் குறிப்பு அடுத்த நூற்றாண்டிலும் அவன் வாரிசுகளின் சொத்து. சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்து எழுத வைத்திருந்தால் உரிமை உங்களுக்கு வந்திருக்கும். காசு வாங்காமல் செய்து தந்ததால்தான் அது முழுதாக அவனிடமே நிற்கிறது. தளம் நடத்துபவர்கள் பலர் இதை நேர் எதிராக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்: "சும்மா கொடுத்தாச்சே, அப்புறம் என்ன?"

அந்த வரியில் இன்னொரு ஓட்டையும் உண்டு. "எங்கள் குழு" என்பது யார்? வாட்ஸ்அப் குழுவுக்குச் சட்டத்தின் முன் தனி ஆள் என்ற தகுதி கிடையாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிந்த சங்கமோ, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த அறக்கட்டளையோ இருந்தால், அதன் வழியாக உரிமையை வைத்துக்கொள்ளலாம். இரண்டும் இல்லாத இடத்தில் எல்லாம் டொமைனுக்குப் பணம் கட்டியவர் கையில் போய் நிற்கும். அவர் நல்லவராக இருக்கும் வரை பிரச்சினை தெரியாது.

விற்பனையா, குத்தகையா

இந்தப் பகுதிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் தன் மனைகளைக் கம்பெனிகளுக்கு விற்பதில்லை, 99 ஆண்டுக் குத்தகைக்கு விடுகிறது. கம்பெனி ஆலை கட்டி ஓட்டலாம், நிலம் சிப்காட்டுடையது. பதிப்புரிமையிலும் இதே இரண்டு வழிகள்தான். உரிமையையே எழுதி வாங்கிக்கொள்வது உரிமை மாற்றம். உரிமையை எழுதியவரிடமே விட்டுவிட்டு, பயன்படுத்த மட்டும் அனுமதி வாங்குவது உரிமம். ஒரே மனையை இருவருக்குக் குத்தகைக்கு விட முடியாது. எழுத்துக்கான உரிமத்தை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஊர்த்தளத்துக்கு உரிமம் போதும். உரிமை மாற்றம் வேண்டாம் என்றே சொல்வேன். 19ஆவது பிரிவின்படி உரிமை மாற்றத்துக்குக் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எத்தனை ஆண்டு, எந்த எல்லைக்குள், என்ன பணம் என்று அதில் குறிக்க வேண்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு ஏற்பாடு எழுதியிருந்தாலொழிய, அது திரும்பிப் போய்விடும். ஷிப்ட் முடிந்து களைத்து வருபவரிடம் முத்திரைத்தாளை நீட்டினால், மறுநாள் அவர் படமும் அனுப்பமாட்டார், வணக்கமும் சொல்லமாட்டார்.

உரிமத்துக்கு இத்தனை கெடுபிடி இல்லை. 30ஆவது பிரிவில் முன்பு கையெழுத்து கேட்டிருந்தார்கள். 2012 திருத்தத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டதால் இப்போது எழுத்தில் இருந்தால் போதும். மின்னணுப் பதிவும் எழுத்தே என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 ஏற்கிறது. ஆகவே பதிவேற்றும் பக்கத்தில் ஒரு டிக், ஒரு மின்னஞ்சல், ஒரு வாட்ஸ்அப் பதில், எதுவாக இருந்தாலும் செல்லும்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19ஆவது பிரிவு சொல்கிறது. 30ஏ பிரிவு இந்த விதிகளைத் தேவையான மாற்றங்களோடு உரிமத்துக்கும் நீட்டுகிறது. "தாராளமா போட்டுக்கோங்கண்ணே" என்று வந்த வாட்ஸ்அப் செய்தி அனுமதிதான். ஆனால் 5 ஆண்டு கழித்து அது காலாவதி என்றும், சிங்கப்பூரிலிருந்து பார்ப்பவருக்கு அது பொருந்தாது என்றும் ஒரு வக்கீல் வாதிட இடம் கொடுக்கும். எனவே அனுமதி வாசகத்தில் "பதிப்புரிமை உள்ள காலம் முழுதும், உலகம் முழுதும்" என்ற சொற்கள் விடுபடக் கூடாது.

கம்பெனி ஆள் எழுதும்போது

மற்ற ஊர்களில் ஒரு பத்தியில் முடியக்கூடிய விஷயம் இங்கே நீள்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம், வல்லம் வடகால் வரை உங்களுக்கு எழுதித் தருபவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஓர் ஆலையின் ஐடி கார்டு அணிந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

பணி ஒப்பந்தத்தின் கீழோ தொழிற்பழகுநர் ஒப்பந்தத்தின் கீழோ ஒருவர் தம் வேலையின் பகுதியாக உருவாக்கியது, வேறு உடன்பாடு இல்லாதவரை, வேலை கொடுத்தவருக்கே சொந்தம் என்பது 17ஆவது பிரிவின் (சி) உட்பிரிவு. அப்ரண்டிஸைச் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். "நான் பெர்மனென்ட் இல்லையே, ட்ரெய்னிதானே" என்பது தப்பிக்கும் வழி ஆகாது.

கவனிக்க வேண்டியது "வேலையின் பகுதியாக" என்ற நிபந்தனையைத்தான். அசெம்பிளி லைனில் நிற்பவர் ஞாயிற்றுக்கிழமை கலங்கல் ஓரம் உட்கார்ந்து ஏரிக்கு வந்த பறவைகளைப் பற்றி எழுதினால் அது அவருடையது. ஆலைக்குள் பரிசு வாங்கிய கைசன் ஷீட்டை, அவரே வரைந்து அவரே எழுதியிருந்தாலும், தளத்துக்கு அனுப்ப அவருக்கு உரிமை இல்லை. அது வேலையில் விளைந்தது. டூல் ரூமில் இருப்பவர் வரைந்த ஃபிக்சர் படமும், குவாலிட்டி துறை ஒட்டும் வேலைமுறைத் தாளும், பாதுகாப்பு வகுப்பு ஸ்லைடுகளும் இதே கணக்கில்தான் வரும். வெர்னியர் காலிப்பரில் அளவு படிப்பது எப்படி என்று ஒரு ஐடிஐ பையன் தன் அறையில் உட்கார்ந்து, தன் சொந்தச் சொற்களில் விளக்கி வீடியோ எடுத்தால் அது அவனுடையது. வெர்னியர் படிக்கும் முறை எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. அதே வீடியோவின் பின்னணியில் கம்பெனியின் உள்ளரங்கு தெரிந்தால் பிரச்சினை பதிப்புரிமையைத் தாண்டிப் போய்விடும். கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே அனுப்பும் ஆலையிலிருந்து ஒரு படம் வெளியே வந்தால் போவது அவன் வேலை. அப்படிப்பட்ட படங்களை வாங்காதீர்கள், கெஞ்சிக் கொடுத்தாலும்.

கான்ட்ராக்ட் மூலம் வேலைக்கு வந்தவரின் விஷயம் இன்னும் குழப்பமானது. சட்டப்படி அவருக்கு வேலை கொடுத்தவர் பொதுவாகக் கான்ட்ராக்டர், வாசலில் பெயர்ப்பலகை வைத்திருக்கும் கம்பெனி அல்ல. வேலையின் பகுதியாக அவர் செய்தது யாருக்குப் போகும் என்பது அந்த இருவருக்கும் இடையிலுள்ள தாளைப் பொறுத்தது. அந்தத் தாளை நீங்கள் பார்க்கப் போவதில்லை, அவரும் பார்த்திருக்க மாட்டார். இங்கே சட்ட ஆராய்ச்சி செய்து பயனில்லை. வேலை நேரத்தில், வேலைக்காகச் செய்த எதையும் வாங்குவதில்லை என்று தளத்துக்கு ஒரு விதி வைத்துவிடுங்கள்.

சொந்த நேரத்தில் எழுதியதற்கும் நியமன உத்தரவை ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேலையில் இருக்கும் காலத்தில் உருவாக்கும் எல்லாமே நிர்வாகத்துக்குச் சேரும் என்று அகலமாக எழுதிய ஷரத்து சில உத்தரவுகளில் இருக்கும். ஏரிப் பறவைகளுக்காக எந்த ஹெச்ஆரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டவருக்குத் தான் போட்டது என்ன என்று தெரிந்திருப்பது நல்லது.

புனைபெயரையும் அனுமதியுங்கள். 2024 செப்டம்பரில் தொடங்கிச் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததுபோன்ற ஒரு காலத்தில் பந்தலில் படம் எடுப்பவர் தம் பெயரைப் போட விரும்பமாட்டார். புனைபெயரில் வந்தாலும் பதிப்புரிமை உண்டு, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்று கணக்கு. உண்மைப் பெயரும் அனுமதியும் உங்கள் பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும்.

திருவிழாப் படம், நடவுப் பாட்டு, அரசுத் தாள்

சித்திரைத் திருவாதிரையில் ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜர் அவதார உற்சவம். வாகனப் புறப்பாட்டை ஆர்வத்தில் எடுத்தவரின் படம் அவருடையது. ஒரு விழாக் குழு பணம் கொடுத்து ஸ்டுடியோக்காரரை அமர்த்தி எடுத்திருந்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை, உரிமை பணம் கொடுத்த குழுவுக்கு. அனுமதியை ஸ்டுடியோவில் கேட்டு வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் தவறான கதவைத் தட்டியிருக்கிறார்கள். கோபுரத்தையோ, சாலையிலிருந்து தெரியும் ஆலைக் கட்டடத்தையோ படம் எடுப்பது பதிப்புரிமை மீறல் இல்லை. 52ஆவது பிரிவு அதைத் தெளிவாக விட்டுவைத்திருக்கிறது.

சிப்காட்டுக்கு நிலம் போன ஊர்களில், நடவுப் பாட்டு தெரிந்த பாட்டிகளைத் தேடிப் பதிவு செய்வது ஊர்த்தளம் செய்யக்கூடிய மிக நல்ல வேலை. அதில் மூன்று அடுக்கு இருக்கிறது. வழிவழியாக வந்த பாட்டு யாருக்கும் தனிச் சொத்து இல்லை. ஒலிப்பதிவின் உரிமை, முன்முயற்சி எடுத்துப் பொறுப்பேற்று அதைப் பதிவு செய்தவருக்கு. பாடிய பாட்டிக்கு நிகழ்த்துநர் உரிமை தனியே 50 ஆண்டு உண்டு. தம் பெயரைப் போடச் சொல்லும் உரிமையும், தம் பாட்டைக் கெடுத்து வெளியிட்டால் தடுக்கும் உரிமையும் அதில் அடங்கும். அனுமதித் தாளை நிதானமாகப் படித்துக் காட்டி, கைநாட்டு வைப்பவராக இருந்தால் சாட்சியோடு வாங்குங்கள். படித்துக் காட்டுவதையும் அவர் சம்மதம் சொல்வதையும் அதே பதிவின் தொடக்கத்தில் சேர்த்துவிடுங்கள். பேரன் கையெழுத்து போதாது, பாடியவர் ஆயாதான்.

அரசுத் தாள்களில் ஒரு வரப்பிரசாதம் உண்டு. அரசிதழில் வந்த நில எடுப்பு அறிவிக்கைகளை முழுதாகவே மறுவெளியீடு செய்யலாம். சிப்காட்டின் மனைப்பிரிவு வரைபடம் அப்படியல்ல. பொதுத்துறை நிறுவனத்தின் படைப்பு என்பதால் அதற்குப் பதிப்புரிமை உண்டு. அதைப் பார்த்து உங்கள் சொற்களில் எழுதலாம், அப்படியே ஒட்டக் கூடாது.

வெறும் தகவலுக்கு உரிமையாளர் இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு, ஏரி எத்தனை ஏக்கர், மருத்துவமனை எங்கே என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். வரிசைப்படுத்தியதில் சிறிதளவாவது படைப்புத்திறன் தெரிந்தால்தான் பதிப்புரிமை வரும், உழைப்பு மட்டும் போதாது என்று 2007இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படப்பைப் பையன் பேருந்து நேரத்தோடு எந்த இடத்தில் இறங்கி நடந்தால் மழைக்காலத்தில் நனையாமல் போகலாம் என்று எழுதியிருக்கிறான் பாருங்கள், அந்த எழுத்து அவனுடையது.

மற்றவர்கள் பட்ட பாடு

உரிமை துண்டு துண்டாகப் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழில் பாரதியைவிடப் பெரிய உதாரணம் இல்லை. அவர் எழுதியவற்றின் நூல் உரிமை குடும்பத்தார் பக்கம், இசைத்தட்டு, திரைப்பட உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் என்று பிரிந்து கிடந்தது. 1949இல் அரசு அவற்றைப் பெற்றது, 1955இல் மக்களுக்கே விட்டது. ஆ. இரா. வேங்கடாசலபதி இந்த வரலாற்றைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். ஒரே ஒரு கவிஞனின் படைப்புக்கு, இறந்து 30 ஆண்டுக்கும் மேல் ஆகியிருக்கிறது. உங்கள் தளத்தில் நூறு பேர் எழுதியிருக்கிறார்கள்.

மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தொடங்கியது. உலகெங்கும் உள்ள தமிழர்கள் சம்பளமில்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சிட்டார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் தட்டச்சிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களுக்கு நன்றியும், மதுரைத் திட்டத்தின் பெயரில் பதிப்புரிமைக் குறியும், தலைப்பை நீக்காமல் யாரும் இலவசமாகப் பரப்பலாம் என்ற வாசகமும் இருக்கும். சங்க நூலை அப்படியே தட்டச்சிட்டதால் புதிய பதிப்புரிமை பிறக்காது என்பதால், அந்தக் குறி இன்றைய இந்தியச் சட்டத்தில் எவ்வளவு நிற்கும் என்பது சந்தேகமே. ஆனாலும் அந்தத் தலைப்பு தன் வேலையைச் செய்தது. யார் உழைத்தார்கள், எந்த நிபந்தனையில் பரப்பலாம் என்பது கோப்போடு கோப்பாகவே பயணம் செய்தது. தளத்தின் மூலையில் ஒரே ஒரு விதிமுறைப் பக்கம் வைப்பதைவிட, ஒவ்வொரு படத்தின் கீழும் பெயரும் உரிமமும் போடுவது மேல் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அமெரிக்காவில் இசைத்தட்டுகளின் பாட்டு வரிசையைப் பயனர்கள் தட்டச்சிட்டு வளர்த்த சிடிடிபி என்ற தரவுத்தளம் 1998இல் ஒரு நிறுவனத்துக்குக் கைமாறியது. பின்னாளில் கிரேஸ்நோட் என்ற வணிகப் பெயர் பெற்றது. தட்டச்சிட்டவர்களுக்கு எந்தப் பிடியும் இல்லை. கோபப்பட்டவர்கள் ஃப்ரீடிபி என்று வேறொன்றைத் தொடங்கினார்கள். விக்கிட்ராவல் கதை வேறு மாதிரி போயிற்று. 2003இல் தொடங்கிய அந்தப் பயணக் கையேட்டை 2006இல் இன்டர்நெட் பிராண்ட்ஸ் வாங்கியது. ஆனால் எழுத்தெல்லாம் பகிர்வு உரிமத்தில் இருந்ததால், மனம் கசந்த எழுத்தாளர்கள் கட்டுரைகளைத் தூக்கிக்கொண்டு போய் 2013 ஜனவரியில் விக்கிமீடியாவின் விக்கிப்பயணமாக மறுபடி தொடங்கிவிட்டார்கள். பெயரும் டொமைனும்தான் வாங்கியவரிடம் மிஞ்சின.

உரிமத்தை நடுவில் மாற்ற நேர்ந்தால் என்ன பாடு என்பதற்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய தெருக்களைத் தன்னார்வலர்கள் குறித்தார்களே, அதற்கு அடித்தளம் இந்த வரைபடம்தான். 2012 செப்டம்பர் வரை அது ஒரு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்தது. தரவுத்தளத்துக்குப் பொருந்தும் வேறோர் உரிமத்துக்கு மாற முடிவெடுத்தபோது, உரிமை வரைந்த ஒவ்வொருவரிடமும் இருந்ததால் ஒவ்வொருவரையும் கேட்க வேண்டியிருந்தது. மறுத்தவர்கள் உண்டு, பதிலே சொல்லாதவர்களும் உண்டு. அவர்கள் வரைந்த சாலைகளை அந்த ஆண்டு ஜூலையில் ஒரு நிரல் தேடித் தேடி அழித்தது. இருந்தவர்கள் அவற்றை மறுபடி போய் வரைந்தார்கள். இன்றைய பங்களிப்பாளர் விதிமுறையில் அந்தப் பாடம் தெரிகிறது: உரிமை வரைந்தவருக்கே, வரைபடத்தை நடத்தும் அறக்கட்டளைக்குத் திரும்பப் பெற முடியாத உரிமம் மட்டும். எதிர்காலத்தில் உரிமத்தை மாற்ற வேண்டுமானால் உறுப்பினர்களின் ஒப்புதலோடு, சுறுசுறுப்பாக இயங்கும் பங்களிப்பாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஒப்ப வேண்டும். இல்லாதவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

விக்கிப்பீடியாவுக்கு இந்தத் தொல்லை வரவில்லை. 2009இல் அது குனூ உரிமத்திலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறியபோது, தமிழ் விக்கிப்பீடியாவில் 2003 முதல் எழுதியவர்கள் எவரையும் தனித்தனியே கேட்க வேண்டியிருக்கவில்லை. பழைய உரிமத்தில் "அல்லது இதன் பிற்காலப் பதிப்பு" என்று ஒரு தொடர் இருந்தது. அந்தப் பிற்காலப் பதிப்பில் மாற்றத்துக்கு வழி வைத்தார்கள்.

எந்த உரிமம்

என் சிபாரிசு, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் "பெயர் குறிப்பிடல், அதேபோல் பகிர்தல் 4.0". யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். பெயர் போட வேண்டும், திருத்தியதை அதே நிபந்தனையில் விட வேண்டும். உலகம் முழுதும், பதிப்புரிமைக் காலம் முழுதும் என்பவை அதன் வாசகத்திலேயே இருப்பதால் முன்பு சொன்ன 5 ஆண்டுக் கண்ணியும் அவிழ்ந்துவிடும்.

"வணிகத்துக்குக் கூடாது" என்ற வகையைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். ரியல் எஸ்டேட்காரர் நம் ஏரிப் படத்தைப் போட்டு மனை விற்றுவிடுவாரே என்ற பயம் இந்தப் பகுதியில் நியாயமானதுதான். ஆனால் அந்த வகையைத் தேர்ந்தால் தமிழ் விக்கிப்பீடியாவால் உங்கள் படத்தை எடுக்க முடியாது, உள்ளூர் நாளிதழும் தயங்கும். மனை விற்பவரோ உரிமம் படித்துப் படம் எடுப்பவர் இல்லை. நல்லவர்களை மட்டும் தடுக்கும் வேலி எதற்கு?

உரிமையை முழுதாகவே விட விரும்புகிறவருக்கும் வழி உண்டு. 21ஆவது பிரிவின்படி பொது அறிவிப்பாலேயே துறக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையான நூல்களின் மின்வடிவங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் விட்டதால்தான், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை விக்கிமூலத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

எந்த உரிமம் கொடுத்தாலும் 57ஆவது பிரிவு எழுதியவரை விடாது. தன் பெயரைக் கோரும் உரிமையும், தன் மதிப்புக் கெடும்படி சிதைத்தால் தடுக்கும் உரிமையும் அவரிடமே இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த சுவர்ச்சிற்பத்தை அரசு பெயர்த்துப் போட்டது. சிற்பத்தின் சொந்தக்காரர் அரசேயானாலும், 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் மிச்சமிருந்த துண்டுகளும் கொடுக்கச் சொன்னது. ஆகவே ஒருவர் எழுதியதை வெட்டித் திருத்தினால் பழைய வடிவத்தையும் பார்க்கும்படி வைத்திருங்கள். "திருத்தியது: குழு" என்று ஒரு குறிப்புப் போடுங்கள்.

அனுமதி வாசகம்

பதிவேற்றும் பக்கத்திலும் அச்சுத் தாளிலும் இதையே பயன்படுத்தலாம்:

"இதை நானே உருவாக்கினேன். வேறொருவரிடமிருந்து எடுக்கவில்லை. நான் பார்க்கும் வேலையின் பகுதியாகவும் செய்யவில்லை. இதன் பதிப்புரிமை என்னிடமே இருக்கும். பதிப்புரிமை உள்ள காலம் முழுதும், உலகம் முழுதும், பணம் பெறாமல், கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடல், அதேபோல் பகிர்தல் 4.0 அல்லது அதன் பிற்காலப் பதிப்பின்படி யாரும் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கிறேன். பிறர் இதைத் திருத்தலாம், விற்கலாம் என்பதும், அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்பதும் எனக்குத் தெரியும். என் பெயரை இப்படிப் போடவும்: ________."

இந்தி, ஒடியா பேசும் தொழிலாளர்களுக்கு அவர்கள் மொழியிலேயே தாளை வையுங்கள். படிக்க முடியாத தாளில் டிக் அடித்தது அனுமதி ஆகாது. ஐடிஐ, பள்ளி மாணவர்களுக்கு 18 வயது நிறையாவிட்டால் ஒப்பந்தச் சட்டப்படி அவர்கள் ஒப்புதல் செல்லாது, பெற்றோர் கையெழுத்து வேண்டும். திரும்பப் பெற முடியாது என்று எழுதியிருந்தாலும், ஒருவர் சங்கடப்பட்டுத் தன் பெயரை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். உரிமமே அதற்கு இடம் தருகிறது.

ஏற்கெனவே ஏறியவை

தளம் நாலைந்து ஆண்டு ஓடியிருந்தால், பழையவற்றுக்கு அனுமதி கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்தப் பகுதியில் ஆட்கள் நிலைத்து இருப்பதில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பையன் ஊருக்குப் போவான், சிம் மாறும், பிறகு அவனைக் கண்டுபிடிக்க ஆள் கிடையாது. யார் எதைக் கொடுத்தார்கள் என்று முதலில் பட்டியல் போடுங்கள். மேலே உள்ள வாசகத்தை ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்பி, "சம்மதம்" என்று பதில் எழுதச் சொல்லுங்கள். குழுவில் பொதுவாக அறிவித்துவிட்டு, மறுப்பு வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பதில் வராதவர்களின் எழுத்தில் தகவல் மட்டும் தேவையென்றால் வேறொருவர் புதிதாக எழுதட்டும். படமென்றால் வேறு படம் எடுங்கள், ஏரி அங்கேயேதான் இருக்கிறது. பலர் சேர்ந்து எழுதிப் பிரிக்க முடியாதபடி கலந்துவிட்ட கட்டுரைக்கு எல்லாருடைய சம்மதமும் வேண்டும். ஒருவர் கிடைக்காவிட்டாலும் அதைத் திரும்ப எழுதுவதே சுருக்கு வழி.

யாராவது "இது என் படம்" என்று எழுத்தில் புகார் செய்து, அதில் நியாயம் இருப்பதாகத் தெரிந்தால் 36 மணி நேரத்துக்குள் மறைத்துவிடுங்கள். பிறர் ஏற்றியதைச் சேமித்து வைத்திருப்பவருக்குப் பதிப்புரிமை விதிகள் 2013 வைக்கும் கெடு அது. 21 நாளுக்குள் புகார்க்காரர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மறுபடி ஏற்றலாம். எடுத்தவர் உங்களுக்குத் தெரிந்தவராகவே இருப்பார் என்பதால் முதலில் ஒரு போன் போட்டுப் பேசுவதும் நல்லது.

சம்மதப் பதில்களின் திரைப்பிடிப்புகளை ஒருவர் போனில் மட்டும் விட்டுவைக்க வேண்டாம். படைப்பின் பெயர், கொடுத்தவர், தேதி, உரிமம், சம்மதம் வந்த வழி என்று ஐந்து கட்டம் போட்ட பதிவேடு ஒன்று இருக்கட்டும். அதன் நகல் குறைந்தது இருவரிடம் இருக்கட்டும். டொமைன் புதுப்பிக்கும் மாதத்திலேயே இந்தப் பதிவேட்டையும் எடுத்துச் சரிபார்த்துவிட்டால் தனியே நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.